ஞானதாசன் வீட்டு மின்சிக்கனம்

ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஞானதாசன் வீட்டுக்குள் குரல் கொடுப்பார். “யாருக்கு என்னெல்லாம் எடுக்கணும்? இப்பமே சொல்லிருங்க. இனி மத்தியானம்தான் திறக்கும்.”

வீட்டில் இருப்பது அவரும் மனைவி செல்லக்கனியும் மட்டும்தான். “தயிரு,” என்று அடுக்களையிலிருந்து பதில் வரும். கதவு திறக்கும், தயிர் வெளியே வரும், கதவு மூடும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்துகள் கையை விட்டுப் போன பிறகு, வீட்டிலுள்ள மின்சாதனங்கள் அவர் பொறுப்பில் ஓடத் தொடங்கின. வாஷிங் மெஷினுக்கு மாதம் இரண்டு டிரிப். மிக்சிக்கு விருந்தாளி வந்தால் மட்டும். “அம்மி இருக்கப்போ மிக்சி எதுக்கு? கல்லுல அரைச்சாத்தான் மீன்கறிக்கு ருசி உண்டு, கேட்டியா?” டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் அவருக்குப் போதாது. சுவிட்சையும் அணைக்க வேண்டும். “அந்தச் செவப்புப் புள்ளி சும்மா இருக்குன்னா நினைச்ச? கரண்டைக் குடிச்சிட்டு இருக்காக்கும்.”

எல்லாமே கிறுக்குத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. மொட்டைமாடிக்கு வெள்ளையடித்ததில் வீட்டுக்குள் சூடு குறைந்தது. எல்லா அறைக்கும் எல்.இ.டி. பல்பு மாட்டினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுக்களைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவிலிருந்த பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார். “நடக்கிற வழிக்கு எதுக்குட்டி வெட்டம்?”

இவர் புகழ் பரவி, திருச்சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் மின்சிக்கனம் பற்றிப் பேச அழைத்தார்கள். எழுந்ததும் முதல் காரியமாக ஆறு ஃபேன்களையும் அணைத்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். முடித்தபோது கைதட்டல் பலமாக இருந்தது.

ஒரு சித்திரை மாதம், வெக்கை தாங்காமல் ஃபேன் போடச் சொல்லிச் செல்லக்கனி முணுமுணுத்தாள் என்று, பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அவளைக் கூட்டிப்போனார். மரச் சாளரங்களையும் குளிர்ந்த கருந்தரையையும் சுற்றுலாக்காரர்களை விலக்கி விலக்கிக் காட்டினார். “பாத்தியா? ராஜா ஃபேன் போட்டா இருந்தாரு?”

“ராஜாவுக்கு விசிறி வீச நாலு ஆளு உண்டு,” என்றாள் செல்லக்கனி. “எனக்கு யாரு உண்டு?”

அவர் சுவரின் கனத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பொழுது அடையும் நேரம். கையால் துவைத்த துணிகளை வாளியில் போட்டுத் தூக்கி வந்த செல்லக்கனி, பல்பு இல்லாத வழியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தக்கலையில் கட்டுப் போட்ட டாக்டர், ஆறு வாரம் அந்தக் கையால் ஒரு வேலையும் ஆகாது என்றார். வீடு வந்ததும் ஞானதாசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து பல்பை எடுத்து மாட்டினார். “அஞ்சு வாட்டுதான்,” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மறுநாளிலிருந்து சமையல் அவருடையது. செல்லக்கனி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சாளை மீனைக் கழுவினார். தேங்காயைத் துருவினார். அம்மி முன்னால் போய் நின்றபோது மிடுக்காகவே நின்றார். இருபத்திரண்டு நிமிடம் அரைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கறி கொதித்தபோது தேங்காய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் கிடந்தது.

“கொள்ளாமா?” என்று ருசி கேட்டார்.

“மெல்லணும்,” என்றாள்.

இரண்டாம் நாள் அரைக்கும்போது பாதியில் நிறுத்தி, வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு மறுபடி அரைத்தார். அன்று சாப்பிடும்போது அவருக்குச் சோறு உருட்டவே கை எழும்பவில்லை. “தினமும் எப்படிட்டி அரைச்ச?” என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு.

“ரெண்டு நேரமும் அரைச்சேன்,” என்றாள் செல்லக்கனி.

மூன்றாம் நாள் காலை ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மிக்சியை இறக்கினார். மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். “இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் டிரிப்பு.”

“எத்தன நிமிசத்துக்கு?”

அவர் சுவிட்சைத் தட்டினார். மிக்சி இரைந்தது. இடது உள்ளங்கையால் மூடியை அழுத்திக்கொண்டு, வலது தோளை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

செல்லக்கனி எழுந்து அறைக்குள் போனாள். தலையணைக்கு அடியிலிருந்து, லேபிள் தேய்ந்துபோன தோள்வலித் தைலக் குப்பியை எடுத்து வந்து, இடது கையால் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடியில் அரை விரல் உயரத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.