கேச்சு சொன்னதே வேதம்

பொன்னுராஜப் பத்தியா கேக்குறீக? சொல்றேன், வயித்தெரிச்சலோட சொல்றேன். கம்பத்துல நாங்க வேலை பாக்குற திராட்சைக் குளிர்கிடங்குக்கு அவந்தான் கம்ப்யூட்டர் ஆளு. நான் பெட்டி தூக்குறேன். கறுப்புத் திரையில நாலு வரி தட்டத் தெரிஞ்சதுக்கு அவன் பண்ணுன அலப்பறை இருக்கே, அடேயப்பா! என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. 'ஏலே லோடு'ம்பான்.

ரூமுக்குள்ள எத்தனை டிகிரின்னு காட்டுறது ஒரு லினக்ஸ் மெஷின். அதுல இருக்குற பழைய சாப்ட்வேர் சில நேரம் ஒறைஞ்சுபோயி கடைசி டிகிரியவே காட்டிக்கிட்டு இருக்குமாம். புதுசு வந்திருக்கு, மாத்துங்கன்னு அதச் செஞ்ச கம்பெனிக்காரக சொன்னாக. முதலாளி இவன்கிட்டச் சொன்னாக. இவன் என்னமோ தட்டுனான். 'போட்டிருக்கிற வெர்ஷன் ரெண்டு புள்ளி மூணு, கெடைக்கிறதும் ரெண்டு புள்ளி மூணு. நம்மகிட்ட இருக்கிறதே புதுசு சார்'ன்னான்.

மெஷின் பொய் சொல்லல. அது நெட்டுல போயி விசாரிக்கல, அம்புட்டுத்தான். எது புதுசுன்னு முந்தியே தனக்குள்ள எறக்கி வச்சிருந்த பட்டியலப் பாத்துச் சொல்லுச்சு. கேச்சுன்னு பேரு. மொதல்ல பட்டியலப் புதுப்பிக்கணும், அப்பறம் கேக்கணும். அவனுக்குத் தெரியாததா? சோம்பேறிப் பய. மழைக்கு முந்தி நெட்டுலருந்து இழுத்த பட்டியலு அது.

சுருளிப்பட்டி பஞ்சம்மா குத்தகைத் தோட்டத்து வெள்ளாமை மொத்தமும் அந்த ரூம்லதான் இருந்துச்சு. இது போனா தோட்டமும் போச்சு. அந்தம்மா கதவத் தொறந்து பாத்துட்டு ஓடியாந்துச்சு.

'தம்பி, உள்ள குளிரே இல்லையேப்பா.'

பொன்னுராஜ் திரும்பிக்கூடப் பாக்கல. 'ஸ்கிரீன்ல ஒரு டிகிரி காட்டுது. மெஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்? போத்தா அங்கிட்டு!'

மனசு கேக்காம மறுபடி மறுபடி தொறந்து பாத்துச்சு பாவம். நானும் உள்ள போனேன், வேர்த்துருச்சு. சொன்னதுக்கு 'ஏலே லோடு, பெட்டியத் தூக்கு'ன்னான்.

மறுநாள் பெட்டியப் பிரிச்சா சாறு ஒழுகுது, புளிச்ச நாத்தம். முதலாளி ஓடியாந்தாக. அப்பத்தான் பய பட்டியலப் புதுப்பிச்சான். புதுசு ஒடனே வந்து நின்னுச்சு. போட்டான். ஒண்ணுன்னு காட்டுன ஸ்கிரீன் இருவத்தெட்டுன்னு காட்டுச்சு. குளிரு போயி எம்புட்டு நேரமாச்சோ, பழசு அந்த ஒண்ணுலயே ஒறைஞ்சு நின்னிருக்கு.

'சரி பண்ணிட்டேன் சார்! இந்தம்மா கதவத் தொறந்து தொறந்து பாத்தா குளிரு எப்படி சார் நிக்கும்?'

முதலாளி பஞ்சம்மாவப் பாத்து, 'தொறந்தியா?'ன்னாக.

'தொறந்தேன்யா' அப்டின்னுச்சு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியல. நான் வாயத் தொறந்தேன். 'நீ ஒன் சோலியப் பாரு'ன்னுட்டாக.

முடிஞ்சுபோச்சு. அவன் இன்னமும் அதே சேர்லதான் ஒக்காந்திருக்கான், வெளங்காதவன். தோட்டம் வேற ஆளு கைக்குப் போயிருச்சு. அதே தோட்டத்துல பஞ்சம்மா இப்ப கூலிக்குத் திராட்சைக் கொலை வெட்டுது. அந்தம்மாவக் கிடங்கு கேட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. நான் தோட்டத்துக்குப் போயி வண்டியில பெட்டி ஏத்தும்போது எங்கிட்ட மட்டும் சொல்லும்: 'ஏப்பா, நீயாச்சும் உள்ள கைய வச்சுப் பாத்துக்க.'