ஏழாவது டிரம்

பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மாதம் மருந்துக் கம்பெனியில் பயிற்சி எடுத்தாக வேண்டும். எனக்கும் என் தோழிக்கும் கொட்டாரம் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன சிரப் கம்பெனியில் இடம் கிடைத்தது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து காலை பஸ். முதல் இரண்டு வாரம் பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துத் தூசு பார்த்ததோடு சரி.

மூன்றாம் வாரம் என்னைச் சோதனைக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே ஒரு கெமிஸ்ட் அக்கா. அதிகம் பேசமாட்டார். அன்று காலை, குழந்தைகளின் இருமல் சிரப்புக்கு மருந்தைக் கரைக்கும் திரவம் ஏழு டிரம் வந்திறங்கியது. எண்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது டிரம்மின் லேபல் ஒரு மூலையில் எழும்பி நின்றது. அடியில் இன்னொரு லேபல். விரலால் விலக்கிப் பார்த்தேன். பெயின்ட் கம்பெனிகளுக்கு விற்கிற ரகம்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த ரகத்தில் கலந்திருக்கக்கூடிய நஞ்சு குழந்தைகளின் சிறுநீரகத்தை அழித்துவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். வெளியே ஒரு சோதனைக்கூடத்தில் சோதித்தாயிற்று, முடிவும் வந்துவிட்டது என்றார். டிரம்கள் இறங்கி ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. சோதனைப் பதிவேட்டைத் திருப்பினேன். ஏழுக்கும் நேரே 'தேறியது' என்று, முந்தின நாள் தேதியில், அவர் கையெழுத்து.

"மக்கா, நீ படிக்க வந்த பிள்ள," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இத நீ கண்டுக்கிடாத."

மத்தியானம் தோழியிடம் சொன்னேன். பயிற்சி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப்போவது இவர்கள்தான், ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்றாள். பொறுத்துக்கொண்டேன். மறுநாள் அந்த டிரம்மை சிரப் காய்ச்சும் அறைக்கு உருட்டிக்கொண்டு போனபோது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். உள்ளேயிருந்து சர்க்கரைப்பாகு கொதிக்கும் மணம் வந்தது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் நாகர்கோவிலில் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். கூப்பிடாமலேயே தோழியும் வந்தாள். போட்டோ இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றோம். எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, இனி அங்கே போகவேண்டாம் என்றார்.

அதிகாரிகள் கம்பெனிக்குச் சோதனைக்குப் போனபோது தரை கழுவி விடப்பட்டிருந்தது. ஆறு டிரம்தான் இருந்தது. பதிவேட்டிலும் ஆறு. சிரப் பெட்டிகளில் பாதி கடைகளுக்குப் போய்விட்டிருந்தன. விசாரணை முடியும்வரை என்று கம்பெனியைப் பூட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து கெமிஸ்ட் அக்கா போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்த ஏழாவது டிரம் எந்த பேட்ச்ல போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா மக்கா?" என்று கேட்டார். "எங்க அண்ணன் பிள்ளைக்கி நான்தான் ரெண்டு பாட்டில் கொண்டு குடுத்தேன்."

எனக்குத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மறுநாள் சொன்னார். மற்ற பாட்டில்கள் எந்தெந்த வீடுகளுக்குப் போயின என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.