பங்காக் கயிற்றின் பொந்து

திண்டிவனத்துக்கு வெளியே உள்ள அந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் இப்போது கார் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். கிழக்குச் சுவரில் நிறம் மாறிய சதுரத்தையும் சேர்த்து எடுக்கட்டும். அது எங்கள் வீட்டு வேலை.

வெள்ளைக்காரர்கள் குடிப்பதற்காகக் கட்டியது அது. தங்கள் கிராமத்து மதுக்கடையை நினைவிலிருந்தே பெயர்த்து வைத்தார்கள்: சரிந்த கூரை, கறுத்த உத்தரம், குளிர்காயக் கணப்பு. திண்டிவனத்து வெயிலில் கணப்பு! புழுக்கத்தில் வெந்துபோன பிறகு கூரையில் துணி விசிறி தொங்கவிட்டார்கள். அந்தப் பங்காவின் கயிறு வெளியே வரச் சுவரில் ஒரு பொந்து. வெயிலில் குந்தி இழுத்தவர்கள் எங்கள் ஆட்கள்.

என் காலத்தில் அது டீக்கடை. பங்கா போய்விட்டது, பொந்து போகவில்லை, அகலமாகியிருந்தது. எங்கள் காலனிக்காரர்களுக்கு டீ அது வழியாகத்தான் வரும். வெளியே நின்று குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

ஒரு மழைக்குப் பிறகு சுவர் பூச அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், நான் மணல் குவியலில்.

“பொந்த சுத்தி நல்லா பூசுடா. உங்காளுங்க கை பட்டு உதுந்துகினே கீது” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் சாப்பிடப் போனார்.

அப்பா சுவரையே பார்த்து நின்றார். அம்மா ஒரு செங்கல்லை நீட்டினாள்.

“இன்னா பாத்துகினு கீற? கலவை காயுது.”

கடைக்காரர் திரும்பி வந்தபோது பொந்து இல்லை.

“இன்னாடா பண்ணி வச்சிகீற? இனிமே எங்க நின்னு குடிப்பீங்க?”

“எதுக்கு நிக்கணும்? உள்ள பெஞ்சு கீதுங்களே” என்றாள் அம்மா.

“இடிச்சுத் தள்றேன் பாரு!”

“இடிங்க மொதலாளி” என்றார் அப்பா, கரணையைக் கழுவிக்கொண்டே. “உத்தரம் இப்ப அந்தக் கல்லு மேலதான் குந்திகினு கீது.”

உண்மையா புளுகா, தெரியாது. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நாங்கள் முன்வாசல் வழியாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் உத்தரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “குடுத்துத் தொலை” என்றார் டீ மாஸ்டரிடம்.

இரண்டு டீ வந்தது. எனக்குத் தட்டில் ஒரு பன்.

எனக்கு ஏமாற்றம். அதுநாள் வரை பன்னைக் கை படாமல் எட்ட நின்று தூக்கித்தான் போடுவார்கள். ஒன்றைக்கூட நான் கீழே விட்டதில்லை. “தூக்கிப் போடுங்க” என்று இரண்டு கைகளையும் ஏந்தினேன். அம்மா அவற்றைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். என் சாமர்த்தியத்தைக் காட்ட விடவில்லையே என்று வழியெல்லாம் அவளோடு பேசாமல் வந்தேன்.