பென்சிலில் தெரிந்த துப்பாக்கி எண்

1. சாவி

ஆயுத உரிமப் பிரிவுக்கு எனக்கு மாறுதல் வந்த நாளில் ஊட்டியில் காலையிலிருந்தே மழை. லவ்டேலிலிருந்து வந்த பஸ் தாமதமாகி, எட்டு நிமிடம் பிந்தி அலுவலகத்துக்குள் நுழைந்தேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அலமாரிச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"பயப்படாதீங்க சுகுணா. இந்த சீட்டுல துப்பாக்கிய ஒருநாளும் கண்ணால பாக்க மாட்டீங்க. எல்லாம் நம்பர்தான்."

அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தெரிய நான்கு வருடங்கள் ஆயின.

எங்கள் பதிவேட்டில் இருந்தவர்களில் பலர் கூடலூர்ப் பக்கத்து விவசாயிகள். அவர்களிடம் இருப்பது குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. உரிமம், பயிர்ப் பாதுகாப்புக்கு. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து யானையையும் பன்றியையும் விரட்டுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சத்தம் மட்டும்தான்.

உரிமத்தைப் புதுப்பிக்கும்போது துப்பாக்கியை நேரில் பார்த்து, அதன் எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் கூடலூரை ஒட்டிய ஸ்ரீமதுரை போன்ற ஊர்களிலிருந்து துப்பாக்கியோடு பஸ் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். அதனால் புத்தகத்தில் இருக்கும் எண்ணையே பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் 'ஆயுதம் நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று போடுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். நானும் எழுதினேன், அழகான கையெழுத்தில்.

2. டெல்லிக்கு எதுக்கு நம்பர்?

பிறகு மத்திய அரசின் உத்தரவு வந்தது. நாட்டில் உள்ள எல்லா உரிமங்களும் கணினியில் ஏற வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் கிடைக்கும். அந்த எண் வாங்காத உரிமம், கெடு முடிந்ததும் செல்லாது. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

கெடுவுக்குப் பன்னிரண்டு வேலை நாட்கள் இருந்தபோது ராமசாமியும் வர்கீஸும் சேர்ந்து வந்தார்கள். ஸ்ரீமதுரையில் இருவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே வேலி. ராமசாமியின் பெரியவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; வர்கீஸின் அப்பா வயநாட்டிலிருந்து வந்தவர். வாழை குலை தள்ளியிருந்த சமயம் அது. அந்த நேரத்தில் துப்பாக்கி கையைவிட்டுப் போனால் ஒரே ராத்திரியில் தோட்டம் போய்விடும்.

"ஏனுங்க அம்மா, நாங்க என்ன கொள்ளக்காரங்களா? ஜில்லாவுல இருக்கற நம்பர் டெல்லிக்கு எதுக்குங்க?" என்று ஆரம்பித்தார் ராமசாமி. "இன்னிக்கு நம்பரக் கேப்பாங்க. நாளைக்கு வரி போடுவாங்க. நாளான்னிக்கு துப்பாக்கியவே கேப்பாங்க. பாத்துட்டே இருங்க."

"சேட்டா, ஸ்கூட்டருக்கு நம்பர் இல்லையா? அதுக்கு வரி கட்டலையா?" என்றார் வர்கீஸ். "நாளைக்குத் திருட்டுப் போனா எங்க போய்த் தேடுவீங்க?"

"என் துப்பாக்கிய எவன் திருடுவான்?"

"அதும் சரிதான்."

"குடகுல பழைய குடும்பக்காரங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாம். நம்ம வாழை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"வாழைக்கு ஒண்ணும் இல்ல. அங்க அது வெள்ளக்காரன் காலத்துலேருந்து இருக்கு. நீங்க வேணா கேஸ் போடுங்க, நான் சாட்சிக்கு வரேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராமசாமி விடவில்லை. "இவன் பேசுவானுங்க. இவன் துப்பாக்கி சுட்டா வெடிக்காதுங்க, இருமும். என்னுது ஒரு வெடி போட்டா கொம்பன் யானைகூடத் திரும்பிப் பாக்காம ஓடும்."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் கணினியில் அதற்கு இடம் இல்லை. அது கேட்டது எண்ணை மட்டும். கணினியில் ஒருமுறை ஏறிவிட்டால் நானே திருத்த முடியாது. இந்த முறை எண்ணைப் பார்க்காமல் ஏற்ற மனம் வரவில்லை. என் ஸ்கூட்டரைப் பதிவு செய்தபோது, சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தது நினைவுக்கு வந்தது.

"துப்பாக்கியக் கொண்டுவர வேண்டாம். குழல்ல வெட்டியிருக்கற நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சில்ல தேச்சு, கீழ கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க," என்றேன்.

3. இரண்டு காகிதங்கள்

வியாழக்கிழமை கொண்டுவந்தார்கள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். ராமசாமியின் புத்தகத்தில் எண் 317. அவர் காகிதத்தில் 845. வர்கீஸின் புத்தகத்தில் 845. அவர் காகிதத்தில் 317.

"பஸ்ல மாறியிருக்குமுங்க," என்றார் ராமசாமி. ஆனால் கீழே இருந்தது அவரவர் கையெழுத்துதான். மறுபடி தேய்த்து வரச் சொன்னேன். திங்கட்கிழமையும் அதேதான்.

"கடைசியா துப்பாக்கி உங்க கைய விட்டு எப்பப் போச்சு?" என்று கேட்டேன்.

"போன எலெக்ஷனுக்குத்தானுங்க," என்றார் ராமசாமி. தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்த பிறகு திரும்ப வாங்க வேண்டும். கடந்த தேர்தலுக்கு இவர்கள் ஒரே நாளில் கொடுத்து, ஒரே நாளில் வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவை. துப்பாக்கியில் கட்டியிருந்த பெயர் அட்டை எங்கோ அவிழ்ந்து மாறியிருக்க வேண்டும். இருவரும் எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"சத்தம் மாறினது கூடவா தெரியல?"

ராமசாமி தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் கேட்டுச்சுங்க. போலீசுக்காரங்க எண்ணெ கிண்ணெ போட்டுக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

"நான் ஸ்டேஷன்ல ஈரம் ஏறிப்போச்சுன்னு விட்டுட்டேன்," என்றார் வர்கீஸ். பிறகுதான் அவருக்கு முழுதும் புரிந்தது. "அப்போ சேட்டா, இருமுறது உங்க துப்பாக்கியா!"

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. அடுத்தவர் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். இரண்டு உரிமங்களும் ரத்தாகலாம். இருவர் மேலும் வழக்கு வரலாம்.

வர்கீஸ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், சாயங்காலம் வேலிக்கு மேலயே கை மாத்திக்கலாமே. நாளைக்குப் புது பேப்பர். யாருக்கும் தெரியாது."

எளிய வழிதான். எனக்கும் அதில் லாபம் இருந்தது. வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். தேர்தல் முடிந்து ஐந்தாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை: 'ராமசாமி, வர்கீஸ், ஸ்ரீமதுரை. புதுப்பித்தல் இரண்டும் முடிந்தது. மதியம் தக்காளி சாதம்.' அன்று பதிவேட்டில் நான் எழுதியது, 'நேரில் சரிபார்க்கப்பட்டது.' அன்று உண்மையிலேயே பார்த்திருந்தால் இவர்கள் இன்று இப்படி நிற்க வேண்டியிருக்காது.

மறுநாள், உரிமம் வழங்கும் அதிகாரிக்குக் குறிப்பு எழுதினேன். தேர்தலுக்கு ஒப்படைத்த ரசீதுகள், திரும்ப வாங்கிய தேதி, நான்கு பென்சில் காகிதங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். ஏழாவது பத்தியில், புதுப்பித்தலின்போது நான் ஆயுதங்களைப் பார்க்கவில்லை என்று சேர்த்தேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாவது பத்தி எதுக்கும்மா? முதல்ல உங்க தலைதான் உருளும்."

"அது இல்லாம படிச்சா அவங்க மட்டும்தான் தப்பு பண்ணினவங்க மாதிரி இருக்குங்க சார்."

அதிகாரி என்னை அழைத்தார். "நேர்ல பாக்கவே இல்லையா?"

"இல்லைங்க சார்."

அவர் நெடுநேரம் எழுதினார். வேண்டுமென்று செய்ததல்ல; இருவருக்கும் எச்சரிக்கை; காவல் நிலையம் இரண்டு துப்பாக்கிகளையும் வாங்கி, எண் பார்த்து உரியவரிடம் கொடுக்க வேண்டும்; எழுத்தரான என்னிடம் விளக்கம் கேட்க வேண்டும். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே மெமோ அது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

4. ஒரு விண்ணப்பம்

துப்பாக்கிகள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவருக்கும் தனி எண் வந்தது. வாங்கிக்கொள்ள வந்தபோது ராமசாமி நேந்திரம் பழம் கொண்டுவந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் வாங்குவதில்லை என்று சொல்லி, அவரையே வரிசையில் இருந்தவர்களுக்குக் கொடுக்க வைத்தேன்.

"இப்ப என்ன சொல்றீங்க சேட்டா? டெல்லி கேட்டதாலதானே வெளிய வந்துச்சு?" என்றார் வர்கீஸ்.

"கண்டுபுடிச்சது டெல்லி இல்லடா. அம்மாவோட பென்சிலு." சொல்லிவிட்டு ராமசாமி என் பக்கம் குனிந்தார். "அம்மா, ஒரு சந்தேகமுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, சட்டப்படியே துப்பாக்கிய மாத்திக்க வழி இருக்குங்களா? என்னுது இருமுதுங்க. கொம்பன் நின்னு கேட்டுட்டுப் போகுது."

"வழி இருக்கு. ரெண்டு பேரும் விண்ணப்பம் குடுக்கணும்."

"நான் குடுக்க மாட்டேன்," என்றார் வர்கீஸ். "டெல்லிக்கு நம்பர் போயாச்சு சேட்டா."

இருவரும் சண்டை போட்டபடியே பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

இந்தச் சீட்டுக்கு இனி வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பார்த்ததை மட்டும் 'பார்த்தேன்' என்று எழுதுங்கள். அலமாரிச் சாவியோடு ஒரு மொட்டைப் பென்சிலையும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கழற்ற வேண்டாம்.