என் செஸ் புரோகிராமுக்கு வந்த விலை

ஏழு வருடம் உட்கார்ந்து ஒரு செஸ் புரோகிராம் எழுதினேன். சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கம்ப்யூட்டரும் கையுமாக இருப்பேன். "இத வித்தா ஒரு கிலோ தக்காளியாவது வருமா?" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

அவள் வாயை அடைக்க ஒருவர் வந்தார். பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாய். பட்டறை மாடியில் செஸ் கிளாஸ் நடத்துகிறார், நன்றாக ஆடுவார். செல்போனில் ஒரு செஸ் ஆப் கொண்டுவந்து விற்க அவருக்கு ஆசை. அதற்கு என் புரோகிராமை, எழுதிய கோடிங் வரிகளோடு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"நெட்ல இத்த வுட சூப்பரா ஆடறது சும்மாவே கீதாமே சார். உங்களுதுக்கு இன்னாத்துக்கு துட்டு?"

நியாயமான கேள்வி. இருப்பதிலேயே பலமாக ஆடுவது இலவசம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை உள்ளே வைத்து எதை விற்றாலும், விற்பதன் கோடிங் வரிகளையும் வாங்குபவர்களுக்குத் திறந்து கொடுத்துவிட வேண்டும். அப்புறம் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். "என்னோடதுல அந்தத் தொல்லை இல்ல பாய். ஒவ்வொரு வரியும் நானே எழுதினது" என்றேன். அந்த வாக்கியத்துக்குத்தான் விலை. அவர் ஒரு தொகை சொன்னார். பெரிய தொகை இல்லை. ஆனாலும் வீடு வரை வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒழுங்குபடுத்தலாம் என்று முதல் வரியிலிருந்து படித்தேன். நடுவில் நானே எழுதிய குறிப்பு ஒன்று: 'இப்போதைக்கு அங்கிருந்து எடுத்தது, பிறகு மாற்ற வேண்டும்.' கீழே நாற்பது வரி, அந்த இலவசப் புரோகிராமிலிருந்து அப்படியே. காய் வெட்டு, பதில் வெட்டு எல்லாம் முடியும்வரை கணக்குப் பார்க்கும் இடம். புரோகிராம் எழுதுகிற நாங்கள் எல்லோரும் 'பிறகு' என்று எழுதுவோம், யாரும் திரும்பிப் போக மாட்டோம். நான் சுத்தமாக மறந்திருந்தேன். பாய் ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார் என்று தோன்றியபோது எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பம்மல் போய்ச் சொல்லிவிட்டேன். பாய் ஒன்றுதான் கேட்டார்.

"அத்த எடுத்துட்டா எப்டி ஆடும் சார்?"

நீக்கிவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். அவரே உட்கார்ந்து ஆடினார். ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு உள்ளே நுழைந்த என் புரோகிராமின் ராணி, நாலே நகர்த்தலில் மாட்டிக்கொண்டது. அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

"பேஜாராக்கீதே சார். கிளாஸ் பசங்களே ஜெயிச்சுடுவாங்க" என்றார். தொகையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பாய்கிட்ட தோத்துட்டேன்."

"நீங்களா, உங்க புரோகிராமா?"

"நான்தான்" என்றேன். "இன்னிக்கு ஆடினது முழுக்க நான் எழுதினது."