சாவி நோட்டில் க்ரௌச்சின் கையெழுத்து

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் நாங்கள் மீன் வேன் ஓட்டிய கம்பெனியில், தபால் பிரிப்பது மேவிஸ் பிளான்சார்டின் வேலை. இருபத்திரண்டு வருடமாக வெண்ணெய்க் கத்தியால் பிரித்தாள். ஒரு உறையும் பிசிறியதில்லை.

அவள் தம்பி கென்னும் எங்களோடு ஓட்டினான். முதலாளி ராட்னி க்ரௌச் தன் காரில் பறந்து இரண்டு முறை கேமராவில் சிக்கினான். கார் கம்பெனி பெயரில் இருந்ததால், ஓட்டியது யார் என்று கேட்டு போலீஸ் படிவம் ஆபீசுக்கு வந்தது. இரண்டு தடவையும் க்ரௌச் கென்னின் பெயரை எழுதினான்.

"கையெழுத்துப் போடு கென். உன் வேலைக்கு நான் கேரண்டி."

கென் போட்டான். ஏற்கெனவே இருந்த ஆறு அபராதப் புள்ளி பன்னிரண்டாகி, ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் போயிற்று. அடுத்த வாரமே, "லைசென்ஸ் இல்லாத டிரைவரை வெச்சு நான் என்ன பண்றது?" என்று அவனை அனுப்பிவிட்டான் க்ரௌச்.

மேவிஸ் வேலையை விடவில்லை. ரோஷம் கெட்டவள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் செய்தது ஒன்றே ஒன்று: சாவிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டாள். வேனோ காரோ, சாவி எடுக்கிற எவரும் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், முதலாளி உட்பட.

"இன்சூரன்ஸ்காரங்க கேக்கறாங்க, ராட்னி."

அவன் சிரித்துக்கொண்டே கால் பக்கத்துக்குக் கையெழுத்துப் போடுவான்.

நான்கு வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதம், மறுபடி அந்தப் போலீஸ் உறை வந்தது. க்ரௌச்சின் கணக்கில் அப்போது ஒன்பது புள்ளி. இன்னும் மூன்று ஏறினால் அவன் லைசென்ஸும் போய்விடும்.

மறுநாள் நான் டீயோடு ஆபீசில் நின்றபோது வந்தான்.

"லெஸ் பேரைப் போடு மேவிஸ். அவனுக்கு ஒரு புள்ளிகூட இல்ல."

"என்னைக் கேக்கவே மாட்டீங்களா?" என்றேன்.

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"சரி ராட்னி, நானே தபால்ல போட்டுடறேன்" என்றாள் மேவிஸ்.

அவன் போனதும் அவள் பக்கம் திரும்பினேன். "உன் தம்பிக்கு நடந்ததை மறந்துட்டியா?"

"டீயைக் குடி லெஸ், ஆறிடும். படிவம் நேத்தே போயாச்சு. அவன் பேரு, அவன் வீட்டு விலாசம், கூடவே நோட்டுப் பக்கத்தோட நகல்."

பத்தாம் நாள் க்ரௌச் சிவந்த முகத்தோடு நுழைந்தான். ஓட்டுநர் நிரப்பவேண்டிய படிவம் அவன் வீட்டுக்கே வந்திருந்தது.

"லெஸ்னுதானே சொன்னேன்!"

"நோட்டுல உங்க கையெழுத்துல்ல இருக்கு. இப்போ வேற பேர் எழுதினா ஜெயில்."

"உன்னை இன்னைக்கே வெளிய அனுப்பறேன்."

"தாராளமா. ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பாங்க. நீங்க என்ன எழுதச் சொன்னீங்கன்னு சொல்லிடறேன். லெஸ் சாட்சி."

க்ரௌச் என்னைப் பார்த்தான். "சொல்லுவேன்" என்றேன்.

மேவிஸ் பேனாவை மேசைமேல் நகர்த்தினாள். "கையெழுத்துப் போடுங்க ராட்னி. உங்க வேலைக்கு நான் கேரண்டி."

அந்த நவம்பரில், நானும் மேவிஸும் வீடு திரும்பிய பஸ்ஸில், மழையில் நனைந்து ஏறினான் க்ரௌச். மேவிஸுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. அவள் மடியிலிருந்த மீன் பொட்டலத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"அந்த ஆறு மாசம் கென்னும் நின்னுக்கிட்டேதான் போவான்" என்றாள்.