அம்மா நடந்த தூரம்

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு எலும்பு முறிந்துவிட்டது.

"தொடை எலும்பு உச்சியில இருக்கற பந்தை மட்டும் மாத்தினா சின்ன ஆபரேஷன். நிறைய நடக்கறவங்களுக்கு, அந்தப் பந்து உட்கார்ற இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து மாத்தறது நல்லது. அம்மா எவ்வளவு நடப்பாங்க?" என்றார் டாக்டர்.

"வயசாயிடுச்சு சார், வூட்டோடதான் இருப்பாங்க" என்றேன்.

கட்டிலில் வலியோடு கிடந்த அம்மா தலையைத் தூக்கினார். "உனக்கு இன்னா தெரியும்? நீ நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கறப்போ, நான் தெனிக்கும் வல்லக்கோட்டை கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வரேன்!"

டாக்டர் சிரித்துவிட்டார். பரிசோதனைகளும் சாதகமாக இருந்ததால், மூட்டு முழுவதையும் மாற்றினார்.

ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாகிறது. நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கைத்தடியோடு எதிரே வந்த அம்மா, "போய்த் தூங்குடா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் கோயில் பக்கம் நடந்தார்.

அன்று டாக்டர் கேட்டபோது, பதில் தெரிந்தவர் பக்கத்திலேயே படுத்திருக்க, நான் முந்திக்கொண்டு பேசினேன். நல்லவேளை, அம்மா சும்மா இருக்கவில்லை.